கேதீஸ்வரன் விடைபெற்ற விதம்

இரண்டாவது பப்பில் வந்து உட்கார்ந்தபோது கேதீஸ்வரனுக்குச் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே தரையில் படுத்துவிடலாம் போலிருந்தது. காலையில் மவுண்ட் விக்டோரியாவில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து நடைதான். முதலில் இடுப்பளவு பற்றைகள் மட்டும் நிற்கும் வெளி. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, காற்று நேரே முகத்தில் அறைந்தது. பிறகு பள்ளத்தாக்குக்குள் படிகள். இறங்கிய படிகளையெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்று யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பிளாக்ஹீத் வந்து சேரும்போது முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன போலிருந்தது.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயது. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சீனி கூடிவிட்டது, நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மனைவி யோகாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மீனாம்பாள், "எங்க குரூப்போட அனுப்புங்கக்கா, மாசத்துல ஒரு நாள்தான்" என்று கேட்டார். குரூப் என்பது மீனாம்பாள், அவருடைய கணவர் பார்த்தசாரதி, அலுவலக நண்பர்கள் நாலைந்து பேர். எல்லாரும் சமீபத்தில் சென்னையிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய நடையில் மூன்று பப் கட்டாயம் உண்டு.

அதைக் கேட்டதும் யோகாவின் முகம் மாறியது. மாறத்தான் செய்யும். யோகா வவுனியாவில் விசாவுக்குக் காத்திருந்த ஆறு வருடங்களில், இங்கே நாலு பேரோடு ஒரு வாடகை வீட்டில் இருந்த கேதீஸ்வரன் குடிக்கப் பழகினார். அவள் வந்த பிறகும் அவரால் விட முடியவில்லை. ஒருநாள் மகள் தாட்சாயினியைக் கூட்டிக்கொண்டு குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதம் திரும்பவில்லை. இனித் தொடுவதில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் வந்தாள். "இன்னொருக்கா எண்டால் திரும்பி வரமாட்டன்" என்றாள். அது நடந்து நாலு வருடமாகிறது. மீனாம்பாளிடம் மட்டும் யோகா இரகசியமாக விசயத்தைச் சொல்லி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, இந்த லெமன் சோடாவுக்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?" என்றார் பார்த்தசாரதி.

"விடுங்க சார், வீட்ல ஹைகமாண்ட் உத்தரவு" என்றார் குரூப்பில் ஒருவரான செந்தில்நாதன். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"வயிறு கொஞ்சம் சரியில்லை தம்பி."

"அதுக்குத்தாண்ணே மருந்தே! ஒரே ஒரு கிளாஸ்."

வேண்டாம் என்று ஒருதரம் சொல்வது பெரிய வேலையில்லை. காலையிலிருந்து அவர் அதைப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார். நாலாவது தரத்துக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார், எட்டாவதற்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது பார்த்தசாரதி நகர்த்திவைத்த ஈரமான பியர்க் குவளை தன் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பதும், தன் விரல்கள் மேசையில் அதை நோக்கி நகர்ந்து கிடப்பதும் அவருக்குத் தெரிந்தது. அடுத்து கட்டூம்பாவில் இன்னொரு பப் இருக்கிறது. அங்கே மறுத்துச் சொல்லத் தன்னிடம் தெம்பு இருக்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எழுந்து பையைத் தோளில் போட்டார். "அப்ப நான் போட்டு வாறன் தம்பி" என்றார்.

பார்த்தசாரதியின் முகம் மலர்ந்தது. "அப்படி வாங்க வழிக்கு! போங்கண்ணே, மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

எவ்வளவு நல்ல பிள்ளை, மனம் கோணாமல் வழியனுப்புகிறானே என்று நினைத்துக்கொண்டு கேதீஸ்வரன் ஸ்ரேசனுக்கு நடந்தார். மீனாம்பாள் அந்த நேரம் வெளியே யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேதீஸ்வரனைக் காணவில்லை.

ரயிலில் ஏறியதுமே தூங்கிவிட்டார். பென்ரித்தில் கண் விழித்து ஃபோனைப் பார்த்தால் யோகாவிடமிருந்து ஒன்பது அழைப்புகள்.

"எங்க நிக்கிறியள்?"

"ரெயினில. பென்ரித்துக்கு வந்திட்டன்."

"எத்தினை போட்டனீங்கள்?"

"என்ன எத்தினை?"

"மீனாம்பாள் அழாக்குறையாச் சொல்லுறா. ஒண்டு போட்டிட்டு வாறன் எண்டு எழும்பிப் போனீங்களாம், பிறகு ஆளைக் காணேல்லையாம். பப் முழுக்கத் தேடிப்போட்டினம். ஆம்பிளையளின்ர ரொய்லெற்றும் பாத்தாச்சாம்."

"நான் குடிக்கேல்லை யோகா."

"உந்தக் கதை எனக்குப் புதுசில்லை. வெஸ்ற்மீட்டில இறங்குங்கோ, வாறன்." தொடர்பு அறுந்தது.

அவள் சொன்னது சரிதான். குடித்த காலத்திலும் அவர் இதையே, இதே குரலில்தான் சொல்வார்.

வெஸ்ற்மீட் ஸ்ரேசனுக்கு வெளியே யோகா காருக்குப் பக்கத்தில் நின்றாள். "ஊதுங்கோ" என்றாள். ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். கேதீஸ்வரன் ஊதினார்.

"சுவிங்கம் சப்பினனீங்களோ?"

அவருக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை. "பார்த்தசாரதிக்கு எடும். நான் சொன்ன சொல்லை அப்பிடியே கேளும்."

அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். "தம்பி, இவர் போகேக்க என்ன சொன்னவர்?"

"அக்கா, கிடைச்சிட்டாரா! போட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான்..."

"உங்கட மாதிரி வேண்டாம். இவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

"ம்... 'அப்ப நான் போட்டு வாறன் தம்பி'ன்னாரு."

யோகா கேதீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தம்பி, அது போயிட்டு வர்றேன் எண்டு அர்த்தம். நாங்கள் வெளிக்கிடேக்க அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்" என்றாள்.

"ஐயோ! பை-பை சொன்னாரா? எங்க ஊர்ல போடுறதுன்னா சரக்குக்கா!"

பின்னால் செந்தில்நாதன், "யோவ், ஒரு மணி நேரமா பாத்ரூம் பாத்ரூமா கதவத் தட்டினோமே" என்று கத்துவது கேட்டது. மீனாம்பாள் ஃபோனை வாங்கி மன்னிப்புக் கேட்டார். யோகாவும் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கேதீஸ்வரன் சிரிக்கவில்லை. இரண்டே தரம் பார்த்த ஒருவனின் பேச்சை அவள் உடனே நம்பிவிட்டாள். கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தார். தனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. காரில் ஏறி இருக்கையைப் பின்னால் சரித்தார்.

நார்த்மீட்டில் இருக்கும் வீட்டுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கு விழுந்தது.

"நான் குடிக்கிறேல்லை எண்டு அவையளுக்குச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றாள் யோகா.

"சொன்னால் ஏன் எண்டு கேப்பினம். பிறகு முழுக்கச் சொல்லவேணும்."

"அது சரி, குடிக்கேல்லையெண்டால் ஏன் பாதியில வெளிக்கிட்டனீங்கள்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் ஒரு பப் இருந்தது."

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை யோகா காரை எடுக்கவில்லை.