அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்

2001-ஆம் வருடம், திருவண்ணாமலையில் தீபக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, எங்கள் மாடி அறைக்குத் தைவானிலிருந்து ஒரு பெண்மணி குடிவந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அவருக்குச் சீன மொழிதான் தெரியும். ஆங்கிலம் இருபது முப்பது வார்த்தை. என் கணவர் பேச்சுவாக்கில் நான் பி.ஏ. படித்ததைச் சொல்லிவிட, மறுநாளே நோட்டோடு வந்து நின்றார். ஆங்கிலத் தாளில் இரண்டு முறை தவறிவிட்டு, பட்டம் வாங்காமலே கிடந்ததை நான் மறைத்துவிட்டேன். அவர் வாயால் டீச்சர் என்று கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

தைவானில் பிளாஸ்டிக் பூ செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். எங்கள் சாமி படத்தில் தொங்கிய பிளாஸ்டிக் மாலையைக் காட்டி, இதற்கு என்ன சொல் என்று கேட்டார். ஃபேக் என்றேன். தன் பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். அதுவும் ஃபேக். என் நான்கு வயது மகள் சொப்புக் கிண்ணத்தில் ஒன்றுமில்லாத டீயை ஊற்றிக் கொடுக்க, அக்கா அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அதையும் ஃபேக் என்றேன். தங்கள் மொழியிலும் இதற்கெல்லாம் 'ஜியா' என்று ஒரே சொல்தான் என ஜாடையில் விளக்கி, ஆங்கிலம் இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டார். அசல் இல்லாதது எல்லாமே ஃபேக் என்று பாடத்தை முடித்தேன்.

அடுத்த மாதம் விசா விஷயமாக வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்கு அவருக்குத் துணையாகப் போனேன். வழியில் தொலைந்துவிடுமோ என்று பயந்து, பாஸ்போர்ட்டை அறையிலேயே வைத்துவிட்டு ஜெராக்ஸை மட்டும் எடுத்து வந்திருந்தார். அதிகாரி பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டதும் அதை நீட்டி, "திஸ் ஃபேக் பாஸ்போர்ட்" என்றார் தெளிவாக.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

"மை ஃபேக் சிஸ்டர்." கூடப் பிறக்காத தங்கை என்று சொல்ல நினைத்திருக்கிறார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "போலி பாஸ்போர்ட்டுனு அவங்க வாயாலயே சொல்றாங்க. உங்களையும் போலின்றாங்க. இத நான் மேல சொல்லாம இருக்க முடியாதும்மா."

"அவங்களுக்கு இங்கிலீஷ் சரியா வராது சார், ஏதோ உளர்றாங்க" என்றேன்.

நாங்கள் பேசிய தமிழ் அக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் நான் திட்டு வாங்குகிறேன் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. எழுந்து நின்று கைகூப்பினார். தன் ஆங்கிலம்தான் மோசம், டீச்சர் நல்லவர், டீச்சரைக் கோபிக்க வேண்டாம் என்று தெரிந்த நாலு வார்த்தைகளைக் கோத்துச் சொன்னார்.

"யாரும்மா டீச்சர்?" என்றார் அதிகாரி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தாங்க. அசல் இல்லாத எல்லாத்துக்கும் ஃபேக்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஜெராக்ஸத்தான் அவங்க அப்படி சொல்றாங்க. நான் இங்கிலீஷ்ல பாஸே பண்ணல சார்."

என் கணவருக்குப் போன் செய்து, அவர் அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா என் கையை விடவில்லை. அதிகாரி பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு முகம் தளர்ந்து, "ஜெராக்ஸுனு சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் பரீட்சையில் தவறிய கதையை ஜாடையும் வார்த்தையுமாக அக்காவிடம் சொல்லி, வேறு டீச்சரைப் பாருங்கள் என்றேன். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். என் கணவர் இரவல் வாங்கி வந்த அகராதியை நடுவில் வைத்து இருவரும் படித்தோம். பிளாஸ்டிக் பூ ஆர்ட்டிஃபிஷியல். பல்செட் ஃபால்ஸ். மகள் ஊற்றிய டீ ப்ரிடெண்ட். அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, தெரிந்தே ஆடுகிற விளையாட்டு அது. ஏமாற்றுகிற எண்ணத்தோடு செய்த பாஸ்போர்ட்தான் ஃபேக். ஜெராக்ஸ் வெறும் காப்பி. கடைசியில் ஃபேக் சிஸ்டர் மிச்சமிருந்தது. எவ்வளவு தேடியும் சரியான சொல் கிடைக்கவில்லை. "எனக்குத் தெரியலக்கா" என்று உதட்டைப் பிதுக்கினேன். அக்கா பேனாவை வாங்கி, ஃபேக்கை மட்டும் அடித்துவிட்டு சிஸ்டரை அப்படியே விட்டார்.

பங்குனியில் அவர் ஊர் திரும்பினார். மறு வருடம் நான் அந்தத் தாளை எழுதித் தேறினேன். இப்போது கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். தெரியாததைப் பிள்ளைகள் கேட்டால், 'எனக்குத் தெரியல, பார்த்துட்டு நாளைக்கு சொல்றேன்' என்று சொல்ல இன்றும் ஒரு நொடி கூசத்தான் செய்கிறது. ஆனால் நான் பழியை அவர் மேல் போட்ட அதே நேரத்தில் அவர் எனக்காக எழுந்து நின்றது நினைவுக்கு வரும், சொல்லிவிடுவேன்.