மேஸ்திரியின் கால் நகங்கள்

என் தங்கையை வீட்டில் சின்னவள் என்போம். அவளைக் கட்டிய மேஸ்திரி ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை, கட்டிலே கதி. அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, துவைப்பது என்று அவளும் அந்த ஒற்றை அறையில் அடைந்துபோனாள்.

பொழுது போகட்டுமென்று நான்தான் நெயில் பாலிஷ் வாங்கிக் கொடுத்தேன். அவள் கையில் பூசினால் துணி துவைத்ததும் உரிந்துவிடும். மேஸ்திரியின் கால்தான் தரையையே மிதிப்பதில்லையே! அதில் ஆரம்பித்தாள். பிரஷ்ஷில் நாலு முடியை விட்டு மீதியை வெட்டி எறிந்தாள். முட்டை ஓட்டைப் பொடித்து ஈரப் பூச்சின்மேல் தூவினாள், தையல் நூலைப் பதித்துப் பார்த்தாள். சொதப்பினால் அழித்துவிட்டு மறுபடியும். ஒருநாள் பத்து நகங்களிலும் சேர்ந்து ஒரே படம்: ஜன்னலில் தெரியும் தெரு. சுண்டுவிரலில் விளக்குக் கம்பம், கட்டைவிரலில் பேருந்து.

யாராவது பார்க்க வந்தால் மேஸ்திரி, "போர்வைய இழுத்து விடு, மானம் போகுது" என்பார். அவர்கள் போனதும், "இன்னைக்கு என்ன போடப்போற?" என்று அவரே கேட்பார்.

போட்டோ எடுத்து அழகு நிலையக்கார அம்மாவிடம் காட்டினேன். "யாரு காலுங்க இது, இவ்ளோ பெருசா?" என்று சிரித்தவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஒருநாள் வந்து செஞ்சு காட்டச் சொல்லுங்க. சரியா வந்தா வேலை தரேன்."

பகலில் மேஸ்திரியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவளைத் தள்ளிவிடாத குறையாக அனுப்பினேன். அவர் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"தொட்டதும் ஒரு அம்மா கால வெடுக்குன்னு இழுத்துட்டாங்கக்கா. கோடெல்லாம் கோணிப்போச்சு. அடுத்தவங்களும் நெளியுறாங்க, சிரிக்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் கால் கூசுதுக்கா."

சொன்ன பிறகுதான் கட்டிலில் இருப்பவர் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அசையாத காலிலேயே பழகிய கை அது.

"போகப் போகப் பழகிடும்டி. பார்லர்க்காரம்மா என்ன சொன்னாங்க?"

"நாளைக்கும் வந்து பாருன்னாங்க."

"அதான் சரிப்படலையே, விடு" என்றார் மேஸ்திரி. "அப்ப நாளைக்குப் போகலல்ல?"

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை விழுந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது?

சின்னவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் காலிலிருந்து போர்வையை விலக்கியபடி, "போகலைங்க" என்றாள்.