மாமாவின் பேஸ் ஆம்ப்

கொச்சி ஜூ டவுன் பழம்பொருள் கடைக்காரர் சுவிட்சைப் போட்டதும், மாமாவின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரிலிருந்து அதே கருகிய தூசி வாசனை எழுந்தது. அந்த நாட்களில், இன்று லாட்ஜாகிவிட்ட சுக்குக் கிடங்கின் மாடியில், பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு, வால்வு சிவக்கும்வரை யாரும் இருமக்கூடக் கூடாதென்று முறைத்து நிற்பார் மாமா. பிறகு சுருதி சேராத கம்பிகளை உறுமவிட்டு, மூட்டையிலிருந்த சுக்கையே நடுங்க வைப்பார்.

"சேட்டா, ஒண்ணு நிறுத்துங்க!" என்று கீழே சுமை தூக்குபவர்கள் கத்துவார்கள். மாமி மட்டும் தன் சாயா ஆறாமலிருக்க, கிளாஸை அந்தச் சூடான பெட்டியின் தலையில் வைப்பாள்.

கடைக்காரர் மேல்பலகையிலிருந்த வட்டக் கறையைப் பக்தியோடு தடவியபடி என்னைப் பார்த்தார். "பழைய கலைஞர்களோட அடையாளமாக்கும், சேச்சி."

மாமியின் சாயாக் கறை அது. அந்தச் சாயாவை ஆறவிடாமல் வைத்ததுதான் அந்தப் பெட்டி உருப்படியாகச் செய்த ஒரே வேலை.