கிழிந்த ஸ்பீக்கரும் தாராவிச் சந்தும்

ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடைக்கு யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: இரைச்சலை எடு. ரிப்பேர் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட சகோதரர்களே, இரைச்சல்தான் வேண்டும் என்று ஒருவன் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? அறுபதுகளின் கடைசியில் தாராவியில் எனக்கு அது நடந்தது. எங்கள் சந்து முழுவதையும் முனிசிபாலிட்டி இடிக்கப்போகிறது என்று பேச்சு கிளம்பிய நேரம். முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் ஒரே தகரக் கூரை.

ஒட்டியது குற்றம்

மாட்டுங்காவிலிருந்து மணி என்ற காலேஜ் பையன் வந்தான். தோள்வரை முடி, கையில் எலக்ட்ரிக் கிதார். ஆம்ப்ளிஃபையரில் ஃபியூஸ் மாற்றினால் போதும் என்றான். திறந்து பார்த்தால் ஸ்பீக்கர் காகிதம் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. நான் சும்மா இருந்தேனா? பரிதாபப்பட்டு, மெல்லிய தாள் வைத்துக் கோந்து போட்டு ஒட்டிக் கொடுத்தேன். சத்தம் கணீரென்று வந்தது. பையன் முகம் செத்துப்போயிற்று.

“பாய், சர்க்கார் மேல இருக்கற கோபமெல்லாம் அந்தக் கிழிசல்லதான் வருது. பிளேடு வெச்சு நானே கிழிச்சதை எதுக்கு ஒட்டினேள்?”

அப்பாவின் ரிப்பேர்

ஒட்டியதை நானே மறுபடி கிழித்து வைத்திருந்தபோது, மணியோடு அவன் அப்பாவும் வந்தார். சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. மகன் சர்க்காரைத் திட்டிப் பாடுகிறான், வெளியில் தெரிந்தால் உத்தியோகம் போய்விடும், ஒரு வார்த்தை யாருக்கும் புரியாதபடி செய்துதர முடியுமா என்று கெஞ்சினார். எனக்குத் தலை சுற்றியது. மகன் அங்கேயே கிதாரை மாட்டி ஒரு பாட்டு பாடிக் காட்டினான். தகரம் அதிர்ந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

“பேஷ்! ஒண்ணுமே புரியலையே! இப்படியே இருக்கட்டும் பாய்.”

நோட்டீஸ் நாள்

முனிசிபாலிட்டி ஆபீசர் வருகிற அன்று, உங்கள் சந்துக்காக நாங்கள் வாசிக்கிறோம் என்று மணி தன் கூட்டாளிகளோடு வந்துவிட்டான். எல்லாம் இங்கிலீஷ் பாட்டு, ஏதோ தூரதேசத்துச் சண்டையை எதிர்த்து. அதற்கும் எங்கள் தகரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முழித்தேன்.

இடிக்கிற நோட்டீஸை எல்லார் காதிலும் விழும்படி வாசித்து, கேட்டோம் என்று கைநாட்டு வாங்கிய பிறகுதான் இடிக்கலாம் என்பது அவர்கள் முறை. பியூன் வாசித்தார், மணியின் கிதார் இரைச்சலில் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. ஆபீசர் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அதுவும் மணிக்குக் கேட்கவில்லை. கைநாட்டுக்குக் கூப்பிட்டபோது, “குச் சுனாயி நஹி தியா, சாப்”, ஒன்றும் காதில் விழவில்லை என்று சந்தே கையை விரித்தது. ஆபீசர் வேர்த்து விறுவிறுத்து ஜீப்பில் ஏறினார். நான் பயந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தப் போனேன். தோல் பட்டறையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு இசக்கி அண்ணாச்சி மட்டும் சிரித்தார்.

“பாட்டு ஒரு எழவும் வெளங்கல பாய். அந்த நோட்டீசும் கேக்கலல்லா, அது போதும்.”

அந்த மழைக்காலம் முழுக்க யாரும் இடிக்க வரவில்லை, என் பிள்ளைகள் நனையாமல் தூங்கினார்கள். நடந்தது போராட்டமா, பாட்டா, ரிப்பேர் கோளாறா என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.