குளவி கட்டாத கூடு

சரியாக இருபது நிமிடம். அதற்குமேல் சூடு நிற்பதில்லை. உள்விளக்கு எரியும், முகப்பில் பச்சை எண்கள் எரியும், சூடு மட்டும் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்விடும். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கேக் மெல்ல எழும்பி வரும், தயங்கும், நடுவில் குழிந்து உட்காரும். தங்கச்சி அதை வெளியே எடுத்துக் குச்சியால் குத்திப் பார்ப்பாள். குச்சியோடு ஈரமாவு வரும்.

"போச்சு" என்பாள். அந்த வாரத்தில் அது மூன்றாவது போச்சு.

சமையலறைச் சுவரில் பதித்த ஓவன். எங்கள் ஊர் வாயில் அது 'அவன்'. அதனாலேயே எங்கள் வீட்டில் அது ஒரு ஆள். "அவன் சூடாயிட்டானா?" "அவன் வாயத் தொறந்து வைக்காத, சூடு போயிரும்." புதிதாக வருகிறவர்கள் யாரைப் பேசுகிறோம் என்று சுற்றிப் பார்ப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மச்சான் கோயம்புத்தூரில் இறந்துபோனார். அந்த வீட்டை விற்றுவிட்டுத் தங்கச்சி என்னிடம் வந்தபோது கட்டிலை விட்டுவிட்டு வந்தாள், பீரோவை விட்டுவிட்டு வந்தாள், இவனை மட்டும் சுவரிலிருந்து கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மச்சான் வாங்கிக் கொடுத்தது. இங்கே சமையலறை அலமாரியை அறுத்து இடம் செய்த ஆசாரி, வேலை முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். "அடுப்பச் செவத்துல ஏத்திட்டிய. சரி. சட்டிய எங்கன ஏத்துவிய அண்ணாச்சி, கூரையிலயா?"

அவள் கொண்டுவந்ததில் இன்னொன்றும் இருந்தது. மச்சானின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் இலை போட அவள் கையை நீட்டியபோது, யாரோ ஒரு அம்மாள் சொன்னது. "ராசியில்லாத கை, நீ சும்மா இரு." அந்த அம்மாள் அன்றைக்கே அதை மறந்திருப்பார். இவள் மறக்கவில்லை. இங்கே வந்து முதல் கேக்கைப் போட்டு அது எழும்பி வந்தபோதுகூட, நல்லா வந்திருக்கு என்று சொல்லவில்லை. "தப்பிச்சேன்" என்றாள். பிறகு ஒன்றரை வருஷம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளெல்லாம் இவள் கேக்கில்தான் நடந்தது. அந்த வார்த்தை வீட்டுக்குள் கேட்காமலே இருந்தது. நான்கூட அது செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் இருவருக்கும் மூன்றாம் வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருநாள் காலையில் வந்தார். வரும் வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, பிறகு பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கேக். முட்டை கூடாது.

"டீச்சர், அது மங்கல காரியம்லா" என்றாள் தங்கச்சி. தரையைப் பார்த்தாள்.

"அதான் ஒன்கிட்ட வந்தேன். ஒன் கையாலதான் வேணும். கடையில வாங்கணும்னா எனக்குக் கடை தெரியாதா?" டீச்சர் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். தங்கச்சி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருந்தது.

அதற்கு மறுநாள்தான் அவன் முதல்முறை நின்றான்.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தேன். கரண்டு போய் வந்தால் அவனுடைய கடிகாரம் பூஜ்யத்தில் நின்று கண்ணடிக்கும். மணியைச் சரிசெய்யாமல் சூடேற மாட்டான். வந்த புதிதில் அது தெரியாமல் இரண்டு நாள் திண்டாடியிருக்கிறோம். இப்போது மணி சரியாகவே ஓடியது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் தளர்ந்திருக்குமோ என்று, எழுதி அடித்த தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். தாள் வரவில்லை, கிழிந்தது. ரப்பர் கெட்டி. கம்பி அறுந்திருக்குமோ என்று பார்த்தால் அதுவும் மேலும் கீழும் செக்கச்செவேலென்று பழுத்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது. இருபதாவது நிமிடத்தில் எதுவும் நன்றாக இல்லை. அரைமணி நேரம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி சூடேறுகிறான்.

கம்பெனிக்குப் போன் போட்டோம். திருநெல்வேலியிலிருந்து ஆள் வரப் பத்துநாள் ஆகும் என்றார்கள்.

"புதன் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன்" என்றாள் தங்கச்சி. "சரியாகலன்னா டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன், வேற எடம் பாருங்கன்னு. பொறவு இந்தக் கேக்கு வேலையே வேண்டாம்ணே. அவுக ஆசையாக் கேட்ட நேரம் பாத்து நிக்கான் பாரு. அவன்ட்ட குத்தம் இல்ல. கை அப்படி."

செத்துவிட்டது என்று நான் நினைத்த வார்த்தை, ஒன்றரை வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலையில் பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால் மிக்சி, கிரைண்டர் பார்க்கிற மெக்கானிக்கிடம் போய் நின்றேன். என் வயதுக்காரர். தினமும் புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். செவத்து அவனை இதுவரை தொட்டதில்லை என்றார். "கம்பி, கரண்டு, காத்து. இந்த மூணத் தாண்டி அதுக்குள்ள என்ன இருந்துரப் போவுது? வாரேன் அண்ணாச்சி." கருவிப் பையில் ஸ்க்ரூடிரைவர்களோடு ஆறேழு எலுமிச்சம்பழமும் கிடந்தது. வந்ததும் அதில் நாலை எடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்தார். "எங்கூருக் காய் யக்கா. முட்டை இல்லாத கேக்குக்கு இதத்தான பிழிவாவ?"

மெயினை அணைத்தார். அணைத்ததை ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து இரு ஓரத்திலும் ஒளிந்திருந்த திருகாணிகளைக் கழற்றினார். நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஸ்டூல்மேல் போர்வை விரித்து, அதில் அவனை இழுத்து உட்காரவைத்தோம். சுவரில் சதுரமாய் ஒரு இருட்டு. அவன் இங்கே வந்தபிறகு முதல்முறையாக அவன் முதுகைப் பார்த்தேன்.

முதுகில் ஒரு காசு அளவில் இருந்த சின்ன வில்லையில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். மீட்டர் கீச்சென்றது.

"இவரு காவக்காரரு. நல்லாத்தான் இருக்காரு. சூடு அளவு மீறுச்சுன்னா கோவிச்சுக்கிட்டு வெளியேறிருவாரு. ஆறுன பொறவு அவராவே திரும்பி வந்துருவாரு."

"எங்க அண்ணன மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் தங்கச்சி. நான்கு நாளில் அவள் பேசிய முதல் வேடிக்கை.

"இவருக்குக் கோவம் வந்தது குத்தமில்ல. கோவம் வர வைக்கது யாருன்னுதான் பாக்கணும்." மெக்கானிக் குனிந்து மேல்தட்டைத் தட்டினார். "இதுக்குள்ள ஒரு பேன் உண்டும். ஒடம்புச் சூட்ட வெளிய ஊதுறதுக்கு. ஓடுற சத்தம் கேக்குமா யக்கா?"

தங்கச்சி யோசித்தாள். "முன்ன ஒரு உறுமல் இருக்கும். இப்பம் நாலஞ்சு நாளா இல்ல. அமைதியா வேல பாக்கான்னு நெனச்சேன்."

"அதான். அமைதியா இருந்தா ஒடம்புக்கு ஆகலன்னு அர்த்தம்."

மேல்தகட்டைக் கழற்றினார். உருளையாக, நீளமாக ஒரு விசிறி. அதன் இதழ்களுக்கு நடுவே மண். சமையலறை ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஐப்பசி மழை ஈரமும் சேர்த்துப் பிசைந்த மண், காய்ந்து இறுகி, விசிறியைப் பிடித்து வைத்திருந்தது.

"குளவி!" மெக்கானிக் குதித்துவிட்டார். "கூடு கட்டியிருக்குலா! அவன் வெதுவெதுப்புக்குத் தேடி வந்துருக்கு. குளவி கட்டுன வீட்டுல சீக்கிரம் பிள்ளை பொறக்கும்னு..."

சொல்லும்போதே தங்கச்சியின் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டார். மீதியை விழுங்கிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார், துடைக்க அதில் ஒன்றுமில்லை.

தங்கச்சி கோபப்படவில்லை. "ஊருல எத்தன வீடு இருக்கு. அதுக்கும் என் அடுப்புதான் கெடச்சிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். "நான் தொட்ட எடம்லா." எழுந்துபோய், மிக்சிமேல் கிடந்த போனை எடுத்தாள்.

நான் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளவி கட்டிய மண்ணுக்கு அறை இருக்கும், வாசல் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. செம்பழுப்பாய், மாவைப்போல் நைசான மண். அதற்குள்ளிருந்து ஒரு தாள்நுனி நீட்டிக்கொண்டிருந்தது. தேதி கிழிக்கும் காலண்டர் தாள். 'ஆடி' என்ற இரண்டெழுத்தில் எண்ணெய் ஊறியிருந்தது.

ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பிரசாதமாக வாங்கிய புற்றுமண். அன்றைய தேதித்தாளில் நான்தான் மடித்தேன். அதற்கு முந்தின வாரம் அவனுக்குமேல் ஒரு பல்லி ஓடியது என்று தங்கச்சி பயந்திருந்தாள். பூச்சியும் பொட்டும் அண்டாது, கண்ணும் படாது என்று எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு பொட்டலம் புற்றுமண் இருக்கும். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அலமாரிப் பலகைக்கும் அவன் தலைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் அதைச் செருகி வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எனக்கே ஞாபகமில்லை. அதிர்வில் நகர்ந்து, தாள் பொத்து, கொஞ்சம் கொஞ்சமாய் விசிறிக்குள் மண் உதிர்ந்திருக்கிறது.

இப்போது சும்மா இருந்தாலும் போதும். பழி குளவிமேல். மெக்கானிக் மண்ணைத் தட்டிவிடுவார், விசிறி சுற்றும். ஆனால் அவள் கையில் போன் இருந்தது. குளவியின் பழி குளவியோடு நிற்காது, அவள் கைக்குத்தான் போய்ச் சேரும்.

"ஏட்டி, போன வையி" என்றேன். "குளவி நாந்தான்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். தாள்நுனியை இழுத்து எடுத்து, விரித்துக் காட்டினேன். சொல்லி முடிக்க நாலு வாக்கியம்தான் ஆனது.

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மிக்சிக்குள்ள கரப்பான் பாத்துருக்கேன், கிரைண்டர்ல மோதிரம் பாத்துருக்கேன். பேனுக்குப் பிரசாதம் குடுத்த ஆள இன்னைக்குத்தான் அண்ணாச்சி பாக்கேன்."

தங்கச்சி சிரிக்கவில்லை. கிட்டே வந்தாள்.

"எதுக்குண்ணே வச்ச?"

"பல்லிக்குத்தான்."

"பல்லிக்கா? எனக்கா?"

பல்லிக்கு என்றால் அவளிடம் சொல்லியே வைத்திருக்கலாம். அவள் குளிக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையிலே என்னட்டி ராசி, அதெல்லாம் பேச்சு என்று அவளிடம் நூறுமுறை சொன்னவன் நான். அந்தச் சொல்லுக்கு அடியில், எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் வைத்தவனும் நான். கண் இவள்மேல் இனியும் விழக்கூடாது, இந்த ஒன்றாவது இவளுக்கு நிலைக்கட்டும்.

"ரெண்டுக்கும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறி எழுந்தேன். சிரிப்பு. மச்சான் போனபிறகு நான் கேட்டிராத சிரிப்பு, மூச்சு முட்டி, கண்ணில் நீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு. "நாலு நாளா... நாலு நாளா நான் என் கையத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன்... பாவிப்பய கை இதுல்லா!" என் கையில் ஓங்கி ஒரு அடி.

மெக்கானிக் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று கேட்டார். உருளையின் இதழ் இதழாகத் தேய்த்தார். உதிர்ந்த மண்ணைக் கீழே விடாமல் தங்கச்சி ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டாள், ஆயிரம் இருந்தாலும் கோயில் மண். அச்சில் ஒருசொட்டு எண்ணெய் விட்டு அவர் விரலால் சுண்டினார். விசிறி சுற்றியது. அவனைத் தூக்கிச் சுவரில் வைத்து, திருகாணி முடுக்கி, மெயினைப் போட்டு, கண்ணடித்த கடிகாரத்துக்கு மணி வைத்தோம்.

உறுமினான்.

தங்கச்சி சின்னக் கிண்ணத்தில் மாவு கலந்தாள். தயிர், சோடா உப்பு, புளியங்குடி எலுமிச்சை. உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். நான் தெருவுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பதினைந்து. வாசலில் ஆடு ஒன்று முருங்கைக் கொம்பை இழுத்துக்கொண்டிருந்தது. பதினெட்டு. மெக்கானிக் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. இருபதுக்கு மூன்று பேரும் கண்ணாடிமுன் உட்கார்ந்துவிட்டோம். இருபத்தொன்று. இருபத்தைந்து. கம்பி பழுத்திருந்தது. கேக் எழும்பி, விளிம்பைத் தாண்டி, அங்கேயே நின்றது.

குச்சி சுத்தமாக வந்தது. அவள் "தப்பிச்சேன்" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கிண்ணத்து மண்ணில் மோதிர விரலைத் தொட்டு என் நெற்றியில் அழுத்தி இழுத்தாள்.

"இனிமே வைக்கணும்னு தோணுச்சுன்னா இங்கன வச்சுக்கோ. பேன்ல வைக்காத."

அப்போது போன் அடித்தது. டீச்சர். மாவுக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். அந்தப்பக்கம் என்ன கேட்டார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

"ஆமா டீச்சர். வெள்ளிக்கிழம காலையில நானே கொண்டுவாரேன். முட்டை இல்லாமத்தான்." அவன் பின்னால் உறுமிக்கொண்டிருந்தான். "என் கையாலதான் டீச்சர். பொறவு வேற யாரு கையால?"