வெண்ணாற்றில் போட்ட இன்ஹேலர்

வீசிங் எனக்குப் பழைய சொந்தம். தை பிறந்து அறுப்பு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் நீடாமங்கலம் முழுக்கப் பதர்த்தூசிதான். ஊரே விளைச்சலைப் பேசிக்கொண்டிருக்கும். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இன்ஹேலரும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

அதனால் கல்யாண மண்டப மாடியில் யோகா வகுப்பு ஆரம்பித்ததும் முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். மாஸ்டர் என்னைவிட இளையவர். பேச்சில் தேன் ஒழுகும். ஆசனமெல்லாம் அப்புறம், முதலில் சத்தியம் என்பார். பொய் சொல்கிறவனுக்கு மூச்சு வசப்படாது என்பார். நாடி சுத்தி, கும்பகம் என்று மூச்சுப் பயிற்சியெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் நன்றாகத்தான் இருந்தேன். அடைமழையில் தூசியே இல்லாத மாதங்கள் அவை என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"இன்னும் எதுக்கும்மா அந்த டப்பா? தூக்கிப் போடுங்க. எனக்கும் சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு. பிராணாயாமத்தாலயே போச்சு. இன்ஹேலரைத் தொட்டுப் பல வருஷமாச்சு" என்றார் ஒருநாள்.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. வெண்ணாற்றுப் பாலத்தில் நின்று அதைத் தண்ணீரில் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

தையில் ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வயலில் மெஷின் இறங்கியது. ஜன்னல் வழியே தூசி புகுந்தது. நெஞ்சு இறுகிவிட்டது.

"பதறாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்றார் மாஸ்டர்.

விடுவதற்கு முதலில் உள்ளே போகவேண்டுமே! என் உதடு நீலமாகிவிட்டது என்று பக்கத்துப் பாயிலிருந்த டீச்சரம்மா கத்தினார். மாஸ்டர் ஓடிப்போய்த் தன் தோள்பையைத் துழாவி ஓர் இன்ஹேலரை எடுத்துவந்தார். அவர் அதைக் குலுக்கிய விதத்திலேயே தெரிந்தது, அது பழகிய கை. வாயில் வைக்கும் முனையில் பல் தடம் பதிந்திருந்தது.

உறிஞ்சினேன். நெஞ்சு கொஞ்சம் இளகியது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"பாத்தீங்களா, உங்களுக்காகவே வாங்கி வச்சிருக்காரு. இப்படியொரு மாஸ்டர் யாருக்குக் கெடைப்பாங்க?" என்று டீச்சரம்மா கண்கலங்கினார். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் கைகூப்பி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் என்று கத்த வாயைத் திறந்தேன். கத்துவதற்கு மூச்சு இல்லை.