மீன்பல்லியின் கை

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வந்த பஸ்ஸை ஓசூர் எல்லையில் சாராயச் சோதனைக்கு நிறுத்தினார்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்த ஒல்லி மனிதர் மடியில் ஒரு துணிமூட்டை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைத் தட்டிக்கொடுத்தபடியே வந்தார்.

போலீஸ்காரர் அவிழ்த்தார். உள்ளே பாறைத்துண்டு.

"கோலார் தங்கவயல்ல திருடுன கல்லா? ஒடச்சுப் பாத்துடறேன்" என்று டிரைவரின் சுத்தியலை வாங்கி ஓங்கினார்.

மனிதர் சட்டென்று தன் உள்ளங்கையைக் கல்மேல் விரித்தார். "இது கல்லாவே மாறிப்போன மீன்பல்லியோட கைங்க. தரையில இருந்த பல்லி கடலுக்குப் போயி, தலைமுறை தலைமுறையா வெரலெல்லாம் சேந்து துடுப்பாயிருச்சு. பாருங்க, ஒவ்வொரு வெரல்லயும் எத்தன எலும்பு!"

விரித்த விரல்களுக்கிடையே, சோழி பரப்பியதுபோல் எலும்புகள் தெரிந்தன.

"செத்து எத்தினி நாளாச்சு?"

"பல கோடி வருசங்க."

போலீஸ்காரர் சுத்தியலை டிரைவரிடமே கொடுத்துவிட்டார்.

பஸ் நகர்ந்த பிறகுதான் மனிதர் கல்மேலிருந்து கையை எடுத்தார். என்றோ செத்த கைக்காக இந்தக் கையை ஏன் பணயம் வைத்தார் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.